சைடு வீல் ஸ்கூட்டருக்கு மூன்று முறை பியரிங் மாற்றிய கதை

வண்டியை வாங்கும்போதே அந்தச் சத்தம் இருந்தது. நான்தான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

என் இடது கால் சின்ன வயதில் போலியோவில் போனது, காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் போட்டுத்தான் நடக்கிறேன். வீடு கோவை சிங்காநல்லூரில். டவுன்ஹால் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் போய்வர சைடு வீல் ஸ்கூட்டர்தான் கால். பழைய வண்டி பதினோரு வருடம் உழைத்து, சேசிஸ் வெல்டிங் மேல் வெல்டிங் வாங்கி, இனி முடியாது என்று ஆனபோது, 2022-இல் ஒரு பெரியவரிடம் இன்னொன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கையில் பணம் குறைவு, அவரும் ரொம்ப நல்ல மனிதர், ஆர்.சி. எல்லாம் சரியாக இருந்தது. பழைய ஆர்.சி. என்பதால் அதில் வண்டி வகை 'இன்வேலிட் கேரேஜ்' என்று போட்டிருந்தது. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது அதை 'அடாப்டட் வெகிக்கிள்' என்று மாற்றினார்கள். அதுவரை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும்போதெல்லாம் செல்லாத நோட்டைக் கையில் வைத்திருக்கிற மாதிரியே ஒரு உணர்வு.

ஊரில் எல்லோரும் இதை மூன்று சக்கர வண்டி என்பார்கள். எண்ணிப் பார்த்தால் நாலு. முன்னால் ஒன்று, என்ஜினோடு சேர்ந்த பின்சக்கரம் ஒன்று, அதற்கு இரண்டு பக்கமும் பட்டறையில் அடித்துப் பொருத்திய சக்கரம் ஒவ்வொன்று. இந்தப் பக்கச் சக்கரங்களுக்கு என்ஜின் பவர் கிடையாது. வண்டி சாயாமல் தாங்குவது மட்டும்தான் வேலை. என்னுடையதில் 10 இன்ச் டயர், அலுமினிய ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), வண்டியிலிருந்து நீளும் கை மாதிரியான ஆர்ம், அதன் முனையில் வெல்டிங் பண்ணின ஒற்றை ஆக்ஸில் (அச்சு). அதாவது சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பிடிமானம் இல்லை, சுவரில் ஆணி அடித்துத் தட்டை மாட்டின மாதிரி ஒரு பக்கத்திலிருந்து தொங்குகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

சத்தம் முதலில் 'ஊஊ' என்று தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி இருந்தது. முப்பதைத் தாண்டினால் கேட்கும், வேகம் கூடக்கூட ஸ்ருதியும் ஏறும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் நிற்காது, அதனால் என்ஜின் இல்லை என்று தெரிந்தது. எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. கடைசியில் பிடிபட்டது வளைவில்தான். இடது பக்கம் திரும்பினால் சத்தம் தடித்தது, வலது பக்கம் திரும்பினால் மெலிந்தது. இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது பக்கச் சக்கரத்தில் ஏறும், ஆகவே குற்றவாளி வலது பக்கம். வீட்டுக்கு வந்து, மச்சானின் காரிலிருந்து ஜாக்கி வாங்கி அந்தப் பக்கத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்று ஆட்டம். சுற்றிவிட்டு ஆர்ம் மேல் விரலை வைத்தால் மணல் அரைபடுகிற மாதிரி ஓர் அதிர்வு. பியரிங் போய்விட்டது, அதாவது ஹப்புக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் சக்கரத்தைச் சுழல விடும் பாகம்: வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம், இடையில் உருளும் குண்டுகள். சைடு வீல் வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் என்ஜின், பேட்டரி பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஜாக்கி கொண்டுபோக முடியாவிட்டால் வண்டியை நாலு பேர் சேர்ந்து ஒரு பக்கம் தூக்கினாலும் போதும், சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட அரை நிமிடம்தான்.

முதல் முறை, பியரிங் மாற்றச் சொல்லி, போகிற வழியில் இருந்த ஒரு டூவீலர் பட்டறையில் விட்டேன். மதியம் விட்டேன், சாயந்திரம் எடுத்தேன், சத்தம் இல்லை, சந்தோஷம். 700 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, மறுபடி மாவு மில். போய்க் கேட்டால், "உங்க வண்டி அப்படித்தாங்க, வெயிட்டு ஜாஸ்தி" என்றார்கள். என் எடை 64 கிலோ. கோபம் வந்தது, ஆனால் அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரி வண்டி வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் அவர்களிடம் வரும், அதிலும் ஒவ்வொரு பட்டறைக்காரர் ஒவ்வொரு விதமாக அடித்து வைத்திருப்பார். கம்பெனி மேனுவல் என்று ஒன்று இந்தச் சக்கரத்துக்குக் கிடையாது.

சரி, நாமே பிரித்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். குந்தி உட்கார முடியாத ஆள் எப்படி என்று கேட்பீர்கள். காய்கறி நறுக்குகிற குட்டை முக்காலி, காலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு காலை நீட்டி உட்கார ஒரு பாய், கூட பக்கத்து வீட்டுப் பாலிடெக்னிக் பையன். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேசிஸ் அடியில் ஹாலோ பிளாக் ஒன்றும், அதன் மேல் மரக்கட்டையும் முட்டுக்கொடுத்தோம். என்னைப் போன்றவர்களால் வண்டி சரியும்போது துள்ளி எழுந்து ஓட முடியாது, அதனால் இந்த விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதே இல்லை.

ஹப்பின் தொப்பியைக் கழற்றி, நட் கழன்றுவிடாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டை எடுத்ததும் சக்கரம் கையோடு வந்தது. தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ஆயில் சீல் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக ஒரு ரப்பர் வளையம் மட்டும் மிச்சம். உள்ளே கிரீஸ் இல்லை, காபிப் பொடி நிறத்தில் சேறு. அது எப்படி வந்தது என்று யோசித்தால் பதில் எனக்கே தெரியும்: லங்கா கார்னர் பாலம். ஒரு மழை பெய்தால் அதன் அடியில் தண்ணீர் நிற்கும், சுற்றிப் போகச் சோம்பல்பட்டு இரண்டு முறை ஹப் முழுகும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறேன். ஓடிச் சூடாக இருக்கும் ஹப் சட்டென்று தண்ணீரில் முழுகினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை நேராக ஹப்பில் காட்டுவதும் இதே கேடுதான். இப்போதெல்லாம் அங்கே அடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பியரிங் நம்பர் 6202. கடையில் கேட்கிறவர்களுக்குச் சின்னக் கணக்கு: கடைசி இரண்டு இலக்கம் 00 என்றால் உள்விட்டம் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, அதற்கு மேல் 04-லிருந்து ஐந்தால் பெருக்கினால் வந்துவிடும். ஆக 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11. நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். இசட் இசட் என்றால் இரண்டு பக்கமும் தகர மூடி, தூசியை ஓரளவு தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. 2ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல். நம் ஊர் மழைக்கும் சேற்றுக்கும் ரப்பர்தான். முதல் பட்டறையில் போட்டது இசட் இசட், அதுவும் பெரிய கம்பெனி பெயரில் அச்சடித்த டப்பாவில் வந்த டூப்ளிகேட் என்று சந்தேகம், எழுத்து விரலால் தேய்த்தாலே மங்கியது. இந்த முறை பில் போட்டுக் கொடுக்கும் பியரிங் கடையில் ஒன்று 160 ரூபாய்க்கு ரப்பர் சீல் வைத்தது வாங்கி, நானே அடித்து ஏற்றினேன். ஹப்புக்குள் இரண்டு பியரிங்குக்கும் நடுவில் ஒரு பைப் துண்டும் இரண்டு வாஷரும் கிடந்தன. எடுத்துத் துடைத்து அப்படியே திருப்பிப் போட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

1,900 கிலோமீட்டர். மறுபடி அதே சத்தம், இந்த முறை கூடவே சூடு. கடைக்குப் போய் இறங்கியதும் ஹப்பைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை.

இரண்டாவது முறை பிரித்தபோது உள்பக்கப் பியரிங் இரண்டாகவே வந்தது. உள்வளையமும் குண்டுகளும் ஆக்ஸிலோடு வந்துவிட, வெளிவளையம் மட்டும் ஹப்புக்குள் ஒட்டிக்கொண்டது. கிடைத்த உள்வளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பையன்தான் முதலில் சொன்னான், "மாமா, குண்டு ஓடுன தடம் நடுவுல இல்ல, ஒரு ஓரமா ஏறியிருக்குது பாருங்க." நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். குழியின் நடுவில் பளபளவென்று கோடு இருக்க வேண்டும். இதில் ஒரு பக்கச் சுவரில் ஏறி, அந்த இடம் பொரிந்து, நிறமே நீலமாக மாறியிருந்தது.

கணபதியில் எனக்குத் தெரிந்த லேத் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஹப், ஆக்ஸில் நட், பைப் துண்டு, வாஷர், செத்த பியரிங் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அவரிடம் கொண்டுபோனேன். பொருளை எல்லாம் பெஞ்சில் வரிசையாக வைத்துவிட்டு, வெர்னியரை எடுத்து ஹப்புக்குள் இரண்டு பியரிங்கும் உட்காரும் படிக்கட்டுக்கு இடையில் அளந்தார். 38 மி.மீ. பைப் துண்டை அளந்தார், 34 சொச்சம். வாஷர் இரண்டையும் சேர்த்தால் முப்பத்தாறரை.

"ஏனுங்கண்ணா, ஒன்றரை மில்லிதானே?" என்றேன்.

"ஒன்றரை மில்லிதான் கண்ணு உன் பியரிங்கத் தின்னுருக்குது" என்றார்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பியரிங்கின் வெளிவளையம் ஹப்பில் இறுகி நிற்கிறது, அது நகராது. நட்டை முறுக்கும்போது இறுகுவது உள்வளையங்கள். இரண்டு உள்வளையத்துக்கும் நடுவில் ஸ்பேசர், அதாவது அந்தப் பைப் துண்டு, சரியான நீளத்தில் இருந்தால், நட்டின் பலம் முழுவதும் வளையம், ஸ்பேசர், வளையம், ஆர்ம் என்று நேர்கோட்டில் போய்விடும், குண்டுகளுக்குத் தெரியவே தெரியாது. ஸ்பேசர் குட்டையாக இருந்தால் நட் இறுக இறுக உள்வளையங்கள் இரண்டும் உள்பக்கமாக இழுக்கப்படும், குண்டுகள் குழியின் சுவரில் ஏறி நசுங்கும். சக்கரம் கையால் சுற்றினால் இறுக்கமாக இருக்கிறதே என்று மெக்கானிக் நட்டைக் கொஞ்சம் தளர்த்துவார், அப்போது சுற்றும், ஆனால் உள்வளையம் ஆக்ஸில் மேலேயே வழுக்கிச் சுற்ற ஆரம்பித்து ஆக்ஸிலைத் தின்னும். என் ஆக்ஸிலில் நகத்தால் தடவினால் அந்தப் பள்ளம் லேசாகத் தட்டுப்பட்டது. இதற்கு முன்னால் எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் ஒரிஜினல் ஸ்பேசரைத் தொலைத்துவிட்டுக் கையில் கிடைத்த பைப்பை வெட்டிப் போட்டிருக்கிறார், அதற்குப் பிறகு பிரித்த எல்லோரும், நான் உட்பட, அதையே பக்தியோடு துடைத்துத் திருப்பி வைத்திருக்கிறோம்.

அது பாதிக் காரணம். மீதிப் பாதி இந்த வண்டியின் பிறவிக் குணம். சாதாரண பைக் வளைவில் சாயும், அதனால் பாரம் பெரும்பாலும் சக்கரத்தின் நேர்க்கோட்டிலேயே, மேலிருந்து கீழாகவே பியரிங்குக்கு வரும். குண்டு பியரிங் அதற்குத்தான் ராஜா. நம் வண்டி சாயாது. திரும்பும்போது தரை டயரைப் பக்கவாட்டில் தள்ளும், அந்தத் தள்ளலை பியரிங்தான் வாங்க வேண்டும். டயரின் அடியிலிருந்து ஆக்ஸில் நடு வரை சுமார் 21 செ.மீ., இரண்டு பியரிங்குக்கும் இடையில் வெறும் 5 செ.மீ. கடப்பாரைக் கணக்குத்தான்: தரையில் 20 கிலோ பக்கவாட்டில் தள்ளினால் ஒவ்வொரு பியரிங்கிலும் 80 கிலோவுக்கு மேல் விழும். போதாததற்கு நம் ரோட்டுக் குழிகள். பைக்காரன் ஒரு கோடு பார்த்து ஓட்டினால் போதும், நமக்கு மூன்று கோடு. முன்சக்கரத்தைக் குழியிலிருந்து தப்பிக்க வைத்தால் பக்கச் சக்கரம் கரெக்டாக அதில் இறங்கும். நான் ஒண்டிப்புதூர் போகிற வழியில் எத்தனை முறை அனுபவித்திருக்கிறேன்!

டிரெய்லர், டிராக்டர் முன்சக்கரத்தில் வருகிற மாதிரி, குண்டுக்குப் பதில் சாய்ந்த உருளைகள் வைத்த டேப்பர் பியரிங் போட்டுவிடலாமா என்று கேட்டேன். போடலாம், அது பக்கவாட்டுத் தள்ளலை நன்றாகத் தாங்கும், ஆனால் ஹப்பை மறுபடி கடைய வேண்டும், நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதும் அளவாகப் பார்க்க வேண்டும், அடிக்கடி கிரீஸ் கேட்கும். "வண்டிய நீ ஒரு பட்டறைல உட்டீன்னா அவன் வலிச்சு முறுக்கிருவான், அப்பறம் ஜாமாயிரும். இதையே ஒழுங்காப் போடலாம்" என்றார். சரியான யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஹப்பில் சிக்கிய வெளிவளையத்தை எடுத்த விதம் பார்க்கவே அழகு. இழுத்து எடுக்கும் புல்லர் பிடிக்க விளிம்பு இல்லை. வளையத்தின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு கோடு வெல்டிங் ஓட்டினார், அலுமினியத்தில் படாமல். வெல்டிங் ஆறும்போது இரும்பு வளையம் சுருங்கும். ஐந்து நிமிடம் கழித்து ஹப்பைக் கவிழ்த்து மரக்கட்டையில் ஒரு தட்டு, 'டங்' என்று தானாக விழுந்தது. அப்புறம் 38.1 மி.மீ.க்கு ஸ்பேசர் கடைந்தார். படிக்கட்டு இடைவெளியைவிட ஒரு புள்ளி கூடுதலாக இருக்கலாம், குறைவாக மட்டும் இருக்கக் கூடாதாம். ஆக்ஸிலின் பள்ளத்தை எம்ரி பேப்பரால் தேய்த்துச் சமாளித்தோம். ஹப்பில் வெளிப்பக்கப் பியரிங் உட்காரும் இடத்தில் முன்னால் யாரோ பஞ்ச் உளியால் குத்திக் குத்தி வைத்திருந்தார்கள், லூசானால் செய்கிற நாட்டு வைத்தியம். நாலு நாளைக்குத் தாங்கும், அப்புறம் அந்த முனைகள் தேய்ந்து பழையபடி ஆகும், பியரிங்கும் கோணலாக உட்காரும். நல்லவேளை, தேய்மானம் கொஞ்சம்தான், முனைகளைச் சுரண்டிவிட்டு பியரிங் ஒட்டும் லாக்டைட் போதும் என்றார். பியரிங் கையாலேயே தொளதொளவென்று இறங்கும் அளவுக்குப் போயிருந்தால் ஹப்பைக் கடைந்து உள்ளே புஷ் என்கிற வளையம் அடிக்க வேண்டியதுதான்.

வீட்டில் ஏற்றும் வேலை. இதில் இரண்டு தந்திரம்: ஹப்பைச் சூடாக்கு, பியரிங்கைக் குளிரவை. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். பியரிங் இரண்டையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் வைத்தேன். ("இட்லி மாவுக்கு மேல கிரீஸ் பட்டுச்சுன்னா வண்டியோட நீங்களும் வெளியதான்" என்று வீட்டம்மா.) ஹப்பைச் சூடாக்க இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார வைத்தேன், ரிம்மை முன்பே கழற்றிவிட்டதால் டயர் கிட்டத்தில் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று சத்தம் வரும் அளவுக்குச் சூடு. நெருப்பு வைத்துக் காட்டாதீர்கள். முதல் பியரிங் 'டொப்' என்று தானாகவே அடி வரை இறங்கியது, சுத்தியலே தேவைப்படவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஹப்பைத் திருப்பி, சூடு ஆறுவதற்குள் இரண்டாவதையும் போட்டு, பழைய பியரிங்கின் வெளிவளையத்தை மேலே வைத்து இரண்டு தட்டுத் தட்டி, நிமிர்ந்து பார்த்தால், பெஞ்சின் மேல் புத்தம் புது ஸ்பேசர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பையன் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கியதுதான் இன்னும் வலித்தது. ஒரு பியரிங்கை உள்ளிருந்து பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்தோம். அப்படி உள்வளையத்தில் அடித்து எடுத்த பியரிங்கைத் திரும்பப் போடவே கூடாது, குண்டு ஒவ்வொன்றும் குழியில் ஒரு தழும்பு போட்டிருக்கும், பார்த்தால் தெரியாது, ஓட்டினால் தெரியும். ஏற்றும்போதும் இதே விதிதான்: அடி வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். 160 ரூபாய் போயிற்று, மறுநாள் இன்னொன்று வாங்கி, மறுபடி ஃப்ரீசர், மறுபடி இஸ்திரிப் பெட்டி. இந்த முறை ஸ்பேசரை முதல் பியரிங் இறங்கியதுமே உள்ளே போட்டுவிட்டு அப்புறம்தான் மூச்சு விட்டேன். இரண்டாவது பியரிங்கை அதன் உள்வளையம் ஸ்பேசரைத் தொடும் வரை மட்டும் தட்ட வேண்டும், அதற்கு மேல் தட்டினால் ஒன்றரை மில்லி கதையை நாமே கையால் எழுதின மாதிரி. விரலை விட்டு ஸ்பேசரை அசைத்துப் பார்த்தேன், கஷ்டப்பட்டு நகர்ந்தது, சரி. புது ஆயில் சீல், அதன் உதட்டில் கொஞ்சம் கிரீஸ், நட்டை நன்றாக முறுக்கி, புது ஸ்பிளிட் பின். நட் முழு இறுக்கத்தில் இருக்கும்போதே சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஓட்டுவதற்கு முன் லேத் அண்ணன் சொன்ன இன்னொரு வேலை: நூல் பிடித்துப் பார்ப்பது. பின்சக்கரத்தை ஒட்டி நேராக ஒரு நூலைக் கட்டி, அந்த நூலிலிருந்து பக்கச் சக்கரத்தின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் அளந்தேன். வலது பக்கம் 12 மி.மீ. வித்தியாசம். அதாவது அந்தச் சக்கரம் நேராக உருளாமல், கோணலாகத் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது, நேர் ரோட்டில்கூட பியரிங்குக்குப் பக்கவாட்டுத் தள்ளல் ஓயவே இல்லை. டயரின் ஒரு ஓரம் மட்டும் மொட்டையானதைப் பார்த்து நான் டயர் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆர்ம் போல்ட் அடியில் தகடு வைத்து 2 மி.மீ.க்குள் கொண்டுவந்தோம். உயரமும் பாருங்கள். பக்கச் சக்கரங்கள் அளவுக்கு மீறி இறங்கியிருந்தால் பாரம் முழுக்க அவற்றில் ஏறும், பின்சக்கரம் தரையைப் பிடிக்காமல் மணலில் வெறுமனே சுற்றும். அது நம் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த அவமானம், பெட்ரோல் பங்க் வாசலில் நின்று யாராவது தள்ளிவிட மாட்டார்களா என்று பார்ப்பது.

முன்சக்கரத்தையும் அதே வாரம் பார்த்துவிட்டேன், அதில் பிரச்சினை எதுவும் இல்லை. பின்சக்கரத்தில் நான் கை வைக்கவில்லை. என் ஸ்கூட்டரில் அது கியர் பாக்ஸ் ஷாஃப்டிலேயே மாட்டியிருக்கிறது, பியரிங் உள்ளே ஆயிலில் ஓடுகிறது, அது மெக்கானிக் வேலை.

வலது பக்கம் இப்போது 9,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மாதம் ஒரு முறை, சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பக்கத்தையும் தூக்கி ஆட்டிப் பார்க்கிறேன். போன வாரம் இடது பக்கத்தில் லேசாக ஒரு 'டக்'. நூல் பிடித்தேன், 7 மி.மீ. பியரிங் வாங்கி வந்து கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், கவரின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் 'ஸ்பேசர்' என்று எழுதியது பையன்.